பலூனில் பழகிய கை

கல்முனையில் எங்கள் வீட்டை ஒஸ்தா வீடு என்பார்கள். பிறந்த பிள்ளைக்குத் தலை வழிப்பதும் பையன்களுக்குச் சுன்னத்துச் செய்வதும் எங்கள் பரம்பரை வேலை. எல்லா வீட்டிலும் எங்களைக் கூப்பிடுவார்கள். எந்த வீட்டிலும் கூடவைத்துச் சாப்பிடமாட்டார்கள். பள்ளியில் எனக்குப் பெயர் ‘கத்தி’. அந்தப் பெயரை வைத்தவன், என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று ஆசிரியரிடமே சொன்னான். அவர் என்னைத்தான் கடைசி வாங்குக்கு மாற்றினார். ஓ.எல். பரீட்சை எழுதாமலே பள்ளியை விட்டு நின்றுவிட்டேன்.

வாப்பா பாரிசவாதத்தில் விழுந்துவிட்டதால் தொழிலைச் சொல்லித்தர ஆளில்லை. என்னைப்போலவே பள்ளியை விட்ட தோணிக்காரப் பையன்கள் கடற்கரையில் இருந்தார்கள். அவர்களுடைய தலைகள்தான் என் பள்ளிக்கூடம். கைபேசியைத் தோணியில் சாய்த்துவைத்து, வீடியோ பார்த்துப் பார்த்து வெட்டுவேன். சவரக்கத்திக்கு மட்டும் ஒருவனும் தலை தரவில்லை. பலூன் வாங்கித் தந்தார்கள். ஊதிய பலூனில் சவர்க்கார நுரை பூசி வழிப்பேன். அது வெடித்து நுரை என் முகத்தில் அடித்தால் மணலில் புரண்டு சிரிப்பார்கள். கடைசியில் ஒருவன் துணிந்து தலையைத் தந்தான். அவனுக்குச் சிரிப்பு அடங்காது, தலை ஆடிக்கொண்டே இருக்கும். சுண்டுவிரலை அவன் தலையில் ஊன்றிக்கொண்டால் தலை போகிற பக்கம் கையும் போகும் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

இந்த வருடம் ஒரு வீட்டில் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் தலை வழிக்கக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவன் எனக்குப் பெயர் வைத்த அதே ஆள். அது அவனுடைய தலைப்பிள்ளை. எனக்கும் அதுதான் முதல் பிஞ்சுத் தலை. அதை நான் வெளியே சொல்லவில்லை.

ஈரத் துணியால் துடைத்தபோது உச்சிக்குழி துடித்தது. எலும்பே இல்லாத இடம். பலூன் இப்படித் துடித்ததில்லையே. ஒரு கீறல் விழுந்தால் இந்தப் பச்சைப் பிள்ளைக்கு என்ன ஆகும்? அதன்பிறகு இந்த ஊரில் எவன் என் கத்திக்குத் தலை தருவான்? வாப்பாவின் மருந்துக்கு எங்கே போவேன்? எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கை நடுங்குதா ஒனக்கு?”

“ஓம்.”

“எனக்குந்தான். புள்ளய இறுக்கிப் புடிக்கவும் பயமாக் கிடக்கு.”

பிஸ்மி சொல்லி, சுண்டுவிரலை ஊன்றித் தொடங்கினேன். கத்தி உச்சிக்குழியை நெருங்கியபோது பிள்ளை வீரிட்டுத் தலையை உதறியது. கதவுக்குப் பின்னால் அதன் உம்மா அலறினாள். குனிந்து பார்த்தேன். தலை போன பக்கம் கையும் போயிருக்கிறது. ஒரு கீறலும் இல்லை. மிச்சத்தை எப்படி வழித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

கத்தியைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்தில் பாய் விரித்து, ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டுகளில் சோறு வைத்திருந்தார்கள். எங்கள் பங்கு எப்போதும் பார்சலாகத்தான் வரும். அதற்காக வாசலில் நின்றேன். அவன் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு சஹனின் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தான். நின்றுகொண்டிருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒருவரும் வரவில்லை.

“நீ தின்னு மச்சான்.”

நான் சோற்றில் கை வைத்தேன். அந்த ஆறு பேர் சஹனில் நாங்கள் இரண்டு பேர்தான் சாப்பிட்டோம்.