க்வாஜோ ஜாமெராவின் நாலு ‘என்’

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு என் கணவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

வாசலில் துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்திய ஒரு பெரியவர், சாவுச் சேதி சொல்ல எடுத்துவரும் ஜின் புட்டியோடு நின்றார். தெருவில் நின்ற டாக்சியில் சாய்ந்தபடி ஒரு பெண், என் பக்கம் பார்க்காமல் இருந்தாள். எங்கள் குமாசியில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் சேதி கேட்க வேண்டும். கொடுத்தேன். பெரியவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மண்ணில் ஊற்றினார்.

“சொல்லுங்க நானா. என்ன சேதி?” என்று கேட்டேன். பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“மனசத் திடமா வச்சுக்கம்மா. உன் புருஷன் போயிட்டான்.”

“எந்தப் புருஷன்?”

பெரியவர் டாக்சியைத் திரும்பிப் பார்த்தார். “இன்னும் எத்தன பேர் இருக்கான்னு கேக்கணும் போலருக்கே” என்றார்.

எதிர்வீட்டில் கென்கே என்ற சோள உருண்டை அவித்து விற்பவள் அதற்குள் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள். “மிஸ்! இருபது வருஷமா எதுத்தாப்புல இருக்கேன். எங்கிட்டகூட சொல்லாம ஒரு ஆளை வச்சிருந்திருக்கீங்களே! கல்யாணச் சோறுதான் போடல, சாவுச் சோறாவது போடுவீங்களா?”

“க்வாஜோ ஜாமெரா” என்றார் பெரியவர். “கலர் லேப் ஜாமெரா.”

அந்தப் பெயரைக் கேட்டதும் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. யாரோ ஒருவன் செத்ததற்கு எவளாவது உட்காருவாளா என்று பிற்பாடு பெரியவர் கேட்டார்.

அவர் பெயர் சார்போங், ஜாமெராவின் குடும்பத் தலைவர். டாக்சியில் சாய்ந்திருந்தவள் டாச்சிவா, ஜாமெராவின் மனைவி. ஜாமெரா போன வியாழக்கிழமை காலை, தான் வேலை பார்த்த போட்டோ லேபில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இறந்திருக்கிறார். சுவரொட்டிக்கு அவர் படம் ஒன்று வேண்டுமென்று டாச்சிவா கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தாள். அவர் படம் அதில் இல்லை. ஐயாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. அத்தனையும் ஒரே பெண். அத்தனையும் ஒரே படம். நான்தான் அது, இருபத்தேழு வயதில். லேபில் இருந்த நெகட்டிவ் உறையில் ‘மிஸ் செர்வா, பெண்கள் கல்லூரி’ என்று எழுதியிருந்ததால் என்னைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை.

“அதெல்லாம் போகட்டும்” என்றார் சார்போங். “பிள்ளைங்க நாலு பேரும் எங்க?”

“எந்தப் பிள்ளைங்க?”

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்னால் மங்கலான அச்சில் என் என் என் என் என்று ஆங்கில எழுத்து நாலு தடவை. “நாலு பிள்ளை. நாலுக்கும் ‘என்’ல பேரு. பாசக்காரன், தினம் ஒரு தடவ பேர் எழுதிப் பாத்திருக்கான். அப்பனுக்குச் சவப்பெட்டி பிள்ளைங்கதானம்மா வாங்கணும். எங்க டாச்சிவாவுக்குக் குடுத்து வைக்கல. உனக்காவது குடுத்து வச்சிருக்கே.”

டாச்சிவா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “நாலுல ஒண்ணாவது அவர் சாயல்ல இருக்கா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

சுவரொட்டி அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும். சார்போங் எழுதி வைத்திருந்ததை வாங்கிப் படித்தேன். மனைவியர்: அபெனா டாச்சிவா, மிஸ் செர்வா. பிள்ளைகள்: நிமாக்கோ, ந்டிம், ந்யார்க்கோ, ந்கான்சா.

“இந்தப் பேரெல்லாம் யார் சொன்னது?”

“பேர் தெரியலன்னா போஸ்டர் அடிக்காம விட முடியுமா? தப்பா இருந்தா திருத்திக் குடு.”

பதினாறு வருடம் அந்த வீட்டில் ஒரே மனைவியாக இருந்தவளின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் மறுநாளைக்குள் குமாசி முழுக்க ஒட்டப்பட்டுவிடும். அப்புறம் யார் அதைச் சுரண்டி எடுப்பது? உடை மாற்றுவதற்குப் பதிலாக இரவு உடையின் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, லேபில் கேட்டால் தெளிந்துவிடும் என்று டாக்சியில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கும் ஜாமெராவுக்கும் இருந்த உறவைச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அது மோசமாகத்தான் கேட்டது.

1991-இல் பெண்கள் கல்லூரியில் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கச் சின்னப் படம் எடுக்க அடும் கடைத்தெருவில் அந்த லேபுக்குப் போனேன். ஜாமெரா ஒல்லியாக, விரல் நுனிகள் பழுப்பேறி, புளித்த ரசாயன வாசனையோடு இருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. படம் கழுவும் இயந்திரத்தோடு ஒரு மாதிரி நெகட்டிவ் வந்திருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். தினம் காலையில் அவளை ஒரு பிரிண்ட் போட்டு, அவள் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம்.

“அவளுக்கு உடம்பு நல்லா இருந்தா நம்ம ஊருக்கே உடம்பு சரியில்லாமப் போகுது, மிஸ்” என்றார். “மாப்பிள்ளையெல்லாம் அடுப்புக்கரி. உங்க நிறம் ரொம்பக் கறுப்பும் இல்ல, ரொம்பச் செவப்பும் இல்ல. நட்ட நடுவுல நிக்குது. ஊருக்காக அசையாம ஒரு படத்துக்கு நிப்பீங்களா?”

என்னை நடு என்று பாராட்டிய ஆண் வேறு யாரும் கிடையாது. கன்னத்துக்குக் கீழே, நிறம் ஒத்துப் பார்க்கும் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து பதினெட்டு வருடம், இயந்திரத்தில் படம் கழுவும் டெவலப்பர் திரவம் சூடேறியதும் முதலில் ஓடியது என் முகம். குமாசியின் மணப்பெண்களும், பித்தளைக் கட்டிலில் படுக்க வைத்த பிணங்களும், ஞானஸ்நானக் குழந்தைகளும் என்னை வைத்துத்தான் நிறம் பெற்றார்கள். கழித்த படங்களை அவர் குப்பையில் போடமாட்டார். ஆளின் முகத்தைக் குப்பையில் போட்டால் ஆளுக்கு ஆகாது என்பார். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

“வீட்டுல என்ன சொன்னாரு?” என்று டாச்சிவாவிடம் கேட்டேன்.

“லேப் சாமான், தொடாதேன்னாரு.”

1998-இல் ஒருநாள் கல்லூரிப் படங்களை வாங்கப் போயிருந்தேன். ஜாமெரா அன்றைய பிரிண்டை என் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். “மிஸ், நீங்க மஞ்சள் மூணு கூட இருக்கீங்க.”

“வெயில்ல நடந்து வந்தேன்.”

“வெயிலுன்னா மெஜந்தால, செவப்புல காட்டும். ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

மஞ்சள்காமாலை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஆறு வாரம் கழித்துப் போனபோது மறுபடியும் பிரிண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “நார்மல்!” என்று கடை முழுக்கக் கேட்கக் கத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் காட்டிய அந்தரங்கம் இவ்வளவுதான்.

“கன்னத்துல வச்சானா?” என்றார் சார்போங்.

“பிரிண்டைத்தான் வச்சாரு, நானா.”

லேப் முதலாளி காரிக்காரி கதவைத் திறந்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு இயந்திரத்தை யாரும் தொடவில்லை. டெவலப்பர் முப்பத்தெட்டு டிகிரிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். துக்க உடையில் அவர்கள் இருவரும், இரவு உடையில் நானுமாக வாடிக்கையாளர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து இயந்திரத்தின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். படம் வாங்க வந்த ஒரு ஆள் எங்களைக் கண்டதும் தொப்பியை எடுத்துவிட்டு, அனுதாபம் சொல்லி, மூவரின் கையையும் குலுக்கிவிட்டுப் போனான். என் கையைத்தான் அதிக நேரம் பிடித்திருந்தான்.

விளக்கு பச்சையானது. காரிக்காரி என் நெகட்டிவைச் செருகினார். பதினெட்டு வருடக் கீறல்களோடு நான் மறுமுனையில் வந்து விழுந்தேன், சூடாக.

“இதுல நாலு பட்டன்” என்றார் காரிக்காரி. “ஒண்ணு வெளிச்சத்துக்கு, மூணு நிறத்துக்கு. எதையும் மாத்தாம நடுவுல விட்டா ‘நார்மல்’, இங்கிலீஷ்ல அதோட முதல் எழுத்து ‘என்’. மெஷினே பின்னால பட்டனுக்கு ஒண்ணா நாலு என் அடிச்சிரும். எழுதினது ஜாமெரா இல்ல, நானா, மெஷின்.”

“மெஷின் என்ன வேணா அடிக்கும். இவ படத்துல மட்டும் ஏன் அடிக்குது?”

“உங்க படம் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

சார்போங் மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். சொந்த வீட்டின் முன்னால் கைத்தடியோடு நிற்கும் படம். திருப்பினார். என் என் என் என்.

படத்தைக் காரிக்காரியிடம் நீட்டினார். “அப்ப எனக்கும் அவனுக்கும் நாலு பிள்ளையா?” என்றார்.

டாச்சிவா சிரித்தாள். ஆறு நாளாகச் சிரிக்காத சிரிப்பு போலிருந்தது, இருமலாக வந்தது. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் கைப்பையைத் திறந்து தன் கல்யாணப் படத்தை எடுத்தாள். அவர் படம் இல்லையே என்று பெட்டியைத் துழாவியவள் இதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறாள். கல்யாண உடையில் அவள் தனியாக நிற்கும் படம். அவர் அதில் இல்லை, எடுத்தவர் அவர். பின்னால் நாலு என் இல்லை. இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று என்று எண்கள் இருந்தன.

“என்னுது ஏன் நார்மல் இல்ல?” என்று கேட்டாள்.

“ஞாபகம் இருக்கு எனக்கு” என்றார் காரிக்காரி. “நார்மல்ல போட்டுப் பாத்துட்டு, இது அவ இல்லன்னான். ஒவ்வொரு பட்டனா மாத்தி மாத்தி ஒம்பது தடவ ஓட்டினான். பேப்பரைத் தின்னுறியாடான்னு நான் திட்டினேன். ஒம்பதாவதைப் பாத்துட்டுத்தான் சாப்பிடப் போனான்.”

டாச்சிவா படத்தை மறுபடி பைக்குள் வைத்து, பையை மூடி, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சார்போங் பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார். பிள்ளைகளின் பெயர்களை அடிக்கத்தான் அவருக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றாக அடித்தார். “நிமாக்கோவ மட்டும் விட்டு வைக்கலாமா?” என்று கேட்டார். “நல்ல பையனா இருப்பான்னு தோணுது.”

“அடிங்க, நானா” என்றாள் டாச்சிவா. பிறகு என்னைப் பார்த்து, “சனிக்கிழமை வந்து எம் பக்கத்துல உக்காருங்க, மிஸ்” என்றாள். “யாருன்னு கேட்டா அவரோட நார்மல்னு சொல்லிக்கலாம்.”

போய் உட்கார்ந்தேன். சவப்பெட்டியைக் காரிக்காரி வாங்கினார். சுவரொட்டிக்கு ஜாமெராவின் படம் கடைசிவரை கிடைக்கவில்லை. இயந்திரத்தின் படத்தைப் போட்டுவிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை லேபை விட்டுக் கிளம்பும்போது காரிக்காரி ஒரு பிரிண்டை என்னிடம் கொடுத்தார். வியாழக்கிழமை காலை ஜாமெராவின் கையில் இருந்தது அது. என் முகம் கொஞ்சம் சிவந்து தெரிகிறது. பின்னால் பென்சிலில் தேதி போட்டிருக்கிறார். அதற்குக் கீழே ‘மெஜந்தா குறைக்க’ என்று இருக்கிறது. எவ்வளவு என்று எழுதவில்லை.