சொல்லாமல் விட்ட சலுகை

இணையக் கடைகள் வழியாகப் பொருள் விற்கிறவர் எவ்வளவு சின்ன வியாபாரியாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்று இருந்த காலத்தில்தான் நான் சொந்தத் தொழில் தொடங்கினேன். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரம் வந்து, மாடியில் ஒரு அறை பிடித்து, பில் போடவும் மாதாமாதம் வரித் தாக்கல் செய்யவும் தமிழிலேயே ஒரு மென்பொருள் எழுதினேன். பரமக்குடியில் சேலை விற்கிறவர்களும் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கிறவர்களும் வருடச் சந்தா கட்டி வாங்கினார்கள். அவர்களுக்குச் சட்டத்தின் மேல் இருந்த பயம்தான் என் பிழைப்பு. பயம் போதாத இடத்தில் நானே கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கிறேன்.

திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் சவுதியில் ஓட்டுநர். இவர் வீட்டில் இறால் ஊறுகாய் போட்டு, ஒரு இணையக் கடை மூலம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் யாவாரமே இல்லைன்னாலும் தாக்கல் பண்ணணுமா தம்பி?"

"பண்ணியே ஆகணும்க்கா. இல்லைன்னா அபராதம் வரும்."

போனில் தானே செய்ய அவருக்குத் தைரியம் வரவில்லை. மாதம் தவறாமல் பில்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார்.

பிறகு சட்டம் தளர்ந்தது. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிகளுக்கு இனி அந்தப் பதிவு கட்டாயமில்லை. வரித்துறையிடம் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும், மாதாமாதம் தாக்கலும் வேண்டாம். அறிவிப்பைப் படித்ததும் என் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அக்காவைப் போன்றவர்கள். போனில் பதில் சொல்ல அப்போதுதான் இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தேன். அடுத்த மாதம் எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டியலை மூடினேன்.

அடுத்த மாதம் அக்காவே கேட்டார்: "புதுசா ஏதோ சலுகை குடுத்துருக்காங்களாமே? டிவில சொன்னாங்க."

"அதெல்லாம் உங்களுக்கு வராதுக்கா."

யோசிக்காமல் வந்த பொய். அவர் தலையாட்டிவிட்டு, அன்றே அடுத்த வருடத்துக்கும் சந்தாவைப் புதுப்பித்தார். அதற்குப் பின் வந்த நோன்பு மாதத்திலும் வந்தார். வரித்துறை இணையதளம் திறக்காமல் இழுத்தடித்ததில், வறண்ட உதட்டோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு நான் டீ குடித்தேன்.

சில மாதம் கழித்துப் போன் செய்தார். "என்னால ஏலலை தம்பி. யாவாரத்தை நிப்பாட்டப் போறேன். பதிவை எப்படி ரத்து பண்றது?"

போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். வீட்டில் காலி பாட்டில்கள் சாக்கில் கட்டியிருந்தன. டீ கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, நீங்க நிப்பாட்ட வேண்டாம். உங்களுக்கு இந்தப் பதிவே தேவையில்லை. சட்டம் மாறிருச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? எப்ப?"

போன வாரம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "டிவில சொன்னாங்கன்னு கேட்டீங்களே, அப்பவே."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அந்தத் தம்பி அங்கன இருக்குற வரைக்கும் எனக்குப் பயமில்லைன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. பிறகு, "உங்க ஊருக்குப் போற தொண்டிப் பஸ்ஸு வர்ற நேரம்" என்று எழுந்துகொண்டார். டீயைக் குடிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் விவரம் எழுதி அனுப்பினேன். பாதிப்பேர் விலகினார்கள். வெளிமாநிலத்துக்கு விற்கிறவர்கள் இருந்ததால் கம்பெனி மூடும்படி ஆகவில்லை. இத்தனை நாள் எதைக் காப்பாற்ற மறைத்தேனோ, அது சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்கும். இந்த நினைப்புதான் என்னை அதிகம் அறுக்கிறது. பல பேர் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். ஒருவர்கூட ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கவில்லை.

அக்காவின் சந்தாவைத் திருப்பி அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு மாதத்தில் அவருடைய ஊறுகாய் மறுபடியும் அந்த இணையக் கடையில் வந்திருந்தது. சேர்க்கை எண் வாங்க யார் உதவினார்கள் என்று தெரியாது. ஒரு பாட்டில் வாங்கலாம் என்று விலாசம் வரைக்கும் அடித்தேன். பார்சலில் என் பெயரை அவர்தான் ஒட்ட வேண்டியிருக்கும் என்று உறைத்ததும் அழித்துவிட்டேன்.