பஸ்ஸிலிருந்து எடுத்த போன்

நான்கு வருடங்களுக்கு முன், திகனவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் நடந்தது இது. சிவில் என்ஜினியராக எனக்கு அதுதான் முதல் வேலை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

அன்று காலை அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. மடுல்கெல்லயில் இருக்கும் அம்மா, “நீ பாக்குற வேலைய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு புள்ள” என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். முதல்நாள் எடுத்த படங்களில் நல்லதாக ஒன்றைத் தேடினேன். பல்கனிப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் பிழை கண்ணில் பட்டது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பல்கனிக்குத் தடித்த கம்பிகள் மேல்பக்கம் வரவேண்டும். கீழே கட்டியிருந்தார்கள்; பாரம் ஏறினால் உடைந்து விழுந்துவிடும். பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்டவள் நான்.

ஒன்பது மணிக்குக் கொங்கிரீட் லொறி வரும். ஊற்றிவிட்டால் கம்பி மறைந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. இரண்டு பஸ் தரிப்பிடம் தாண்டும்வரை அந்த நினைப்போடுதான் இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு யாரோ ஒரு குழந்தை அதில் வந்து நிற்குமே என்று தோன்றிய பிறகுதான் எனக்கு மேலே இருந்த என்ஜினியருக்குப் போன் எடுத்தேன்.

அவர் திகன ஊர்க்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. ஆனால் கோபக்காரர் என்று பெயர். அழுதுகொண்டே சொன்னேன்.

“லொறிய நான் நிப்பாட்டுறேன். நீங்க பதறாம வாங்க மிஸ்.”

எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கத் தயாராகித்தான் போய்ச் சேர்ந்தேன். அவரோ கம்பி கட்டுபவர்களோடு பலகைமேல் குந்தியிருந்து கட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார். “நேத்து நானும் பாத்தேன்தானே. எனக்கும் கண்ணுல படல்லயே” என்று கம்பி வெட்டும் குறடு இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

மத்தியானம்வரை எல்லோருமாக அவிழ்த்தோம். இடையில் தலைமை அலுவலகத்திலிருந்து காரணம் கேட்டு அவருக்கு அழைப்பு வந்தது. என் பெயர் வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நாங்க பிழையாக் கட்டிட்டோம் சேர். இன்டைக்கே திருத்துறோம்” என்றார்.

இப்போது எனக்குக் கீழே இரண்டு புதிய என்ஜினியர்கள் இருக்கிறார்கள். பிழை தெரிந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள் என்று அவர்களிடம் அடிக்கடி சொல்வேன். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி “மிஸ், ஒரு விசயம்...” என்று தொடங்கும்போதெல்லாம், என் அவசரக் கோபத்தை விழுங்கிக்கொண்டு ‘நாங்க’ என்று சொல்ல இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.