சர்க்கரை ஊசியும் ஒரு டம்ளர் கஞ்சியும்

இதய வால்வில் கிருமி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பது என் வேலை. ஆனால் கிருமியைவிட அதிகமாக நான் பார்த்தது முந்தின நாள் சாப்பாட்டைத்தான். கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவோம். கிருமி தொற்றிய இடம் அதை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும். இதயத் தசைக்கும் சர்க்கரை பிடிக்கும், அதுவும் சேர்ந்து ஒளிர்ந்து கிருமியை மறைத்துவிடும் என்பதுதான் சிக்கல். அதனால் முந்தின நாள் சோறு, பால், இனிப்பு எதுவும் கூடாது. கறி, முட்டை, நெய் மட்டும்; கொழுப்பு கிடைத்தால் தசை சர்க்கரையைத் தொடாது. பிறகு பட்டினி. லேப், எக்ஸ்ரே என்று காலம் தள்ளுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

சோறில்லாத விருந்து

கொத்தமங்கலத்து ஆச்சி ஒருவர், வால்வு மாற்றி ஆறு வருஷம் ஆனவர், விடாத காய்ச்சலோடு காரைக்குடியிலுள்ள எங்கள் சென்டருக்கு வந்தார். என்ன சாப்பிடலாம், எது கூடாது என்று நாங்கள் கொடுத்த ஆங்கிலத் தாளை அவர் மகள் வரிவரியாகப் படித்துப் பத்தியச் சாப்பாடு கொடுத்திருந்தாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் படிப்பார்கள் என்று நான் நம்பிவிட்டேன். படம் சுத்தமாக வந்தது. வால்வில் ஒன்றுமில்லை. கிளம்பும்போது ஆச்சி சொன்னார்: "கறியை வச்சுட்டுச் சோறு போடாத விருந்து ஒங்க விருந்துதான் தம்பி."

தாள்

முருகேசன் ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர். அவருக்கும் மாற்று வால்வு, ஒரு மாதக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாததால் டாக்டர் எங்கள் படத்துக்காகக் காத்திருந்தார். அன்று கூட்டம். அதே ஆங்கிலத் தாளை நீட்டி, "இதுல இருக்கபடி வாங்க" என்றேன். அவரும் தலையாட்டினார்.

படத்தில் இதயம் முழுக்க ஒளிர்ந்தது. வால்வு எது, தசை எது என்று பிரிக்க முடியவில்லை. வெளியே வந்து விசாரித்தேன். காலையில் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்ததாக அவர் மனைவி சொன்னார். வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வரவில்லையாம். ஊசி மருந்து வெளியூரிலிருந்து வர வேண்டும்; நான்கு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னோம்.

மூன்றாம் நாள், வால்விலிருந்து கிருமிக்கட்டி ஒன்று உடைந்து மூளைக்குப் போய்விட்டது. வலது கை விழுந்துவிட்டது. படம் சரியாக வந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். நடக்காமலும் இருந்திருக்கலாம். அவர் மனைவி பழைய ரிப்போர்ட்டுகளை வாங்க வந்தபோது நான் எழுந்து நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. "வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கஞ்சி குடுத்திருப்பேனா சார்?" என்றார்.

போன்

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் முந்தின நாளே போன் போடுகிறேன். சாக்கோட்டையில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கு மூன்று தடவை போட்டேன். நாலாவது தடவை அவர் எடுக்கவே இல்லை. ஆனால் சொன்னபடி வந்தார். வால்வோரத்தில் ஒற்றைப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து நேரில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் எனக்கு விழுந்துபோன அந்த ஆத்தங்குடிக் கைதான் ஞாபகம் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொழச்சு வந்திருக்கேன், நீங்க ஏன் சார் இப்படி இருக்கீக?"

இந்த மெஷினை ஓட்ட எனக்கு இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள், பேசத்தான் யாரும் வகுப்பு எடுக்கவில்லை என்று இப்போதும் ஒரு சாக்கு வைத்திருக்கிறேன்.