கோணிய வாய்

எனக்கு நோய் வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் என் நாடகத்தின் ஒத்திகை. பொய் பேசும் காக்கை எப்படிப் பேச வேண்டும் என்று ஏழாம் வகுப்பு மீனாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வசனம் குழறியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உதவி கேட்க முயன்றேன், இன்னும் சிரித்தார்கள். தரையில் சாய்ந்தேன், கைதட்டினார்கள். "மிஸ் சூப்பரா பண்றாங்க" என்றது ஒரு குரல். ஆசிரியையும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எழவே போவதில்லை என்பது அவருக்குப் புரிய வெகுநேரமாயிற்று.

எங்கள் மாவட்டத்தில் சிறுவர் நாடகம் என்றால் முன்பு ராஜா வேடமும் கடைசியில் ஒரு நீதியும்தான். பிள்ளைகளின் பேச்சிலேயே எழுதி, அவர்களையே சிரிக்கவைத்து, ஊர் ஊராக முதலில் மேடையேற்றியவள் நான். அதில் பாதி ஆயுள் போயிற்று.

திருவண்ணாமலையில் மருத்துவர் என் கணவரிடம் சொன்னார்: "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. சீக்கிரமா வந்திருந்தா ஊசி போட்டுக் கரைச்சிருக்கலாம்."

"பேச்சு வருமாங்க?"

"கொஞ்சம் வரலாம். ஜாஸ்தி எதிர்பார்க்காதீங்க."

வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. கூடவே அஃபேசியா (சொல்ல நினைப்பது மனதில் இருந்தும் சொல் வாய்க்கு வராத நிலை). முதலில் திரும்பி வந்தது "போடா நாயே". தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். மற்ற பேச்சு போனாலும் வசவு சிலருக்குத் தங்கிவிடுமாம். என் நாடகங்களில் ஒரு வசவுகூடக் கிடையாது.

கணவர் அதைக் கேட்டுக்கொண்டே சோறு ஊட்டினார். ஒருநாள் மட்டும், "வேற எதனா சொல்லேன்" என்றார். அதற்கும் அதையேதான் சொன்னேன்.

பள்ளி ஆண்டுவிழாவில் நாடகம் நடந்தது. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தேன். மீனா வாயைக் கோணிக்கொண்டு குழறினாள். கூட்டம் சிரித்து ஓயவில்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவள் நன்றாகச் செய்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முடிந்ததும் வேடத்தோடு ஓடிவந்தாள். "மிஸ், நீங்க காட்டின மாதிரியே பண்ணேன்."

நல்லா பண்ணே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போடா நாயே."

அவள் முகம் சுருங்கியது. காகித அலகைக் கழற்றிக்கொண்டே போய்விட்டாள். பிறகு என்னைப் பார்க்க வரவில்லை.

இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், நடிப்பா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது சில சொற்கள் திரும்பியிருக்கின்றன. இடக்கையால் எழுதுகிறேன், ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. தூக்கத்தில் வலக்கை வயிற்றின்மேல் கிடந்தால், யாருடையதோ என்று எடுத்துக் கீழே வைக்கிறேன். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் "எப்படி இருக்கீங்க?" என்கிறார்கள். பதில் கிளம்புவதற்குள் பேச்சு வேறு எங்கோ தாவிவிடுகிறது. அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிய பிறகு, "நல்லா இருக்கேன்" வருகிறது. காலி நாற்காலியைப் பார்த்து அதைச் சொல்லி முடிக்கிறேன்.