ஏழாவது கேள்வி

எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஆசியா முதலில் கேட்பது குடிக்கத் தண்ணீர்தான். மன்னவனூர்க் குளிரில் யாருக்கும் தாகம் எடுக்காது. ஆனாலும் செம்பை வாங்கி, அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, முக்காட்டின் ஓரத்தால் வாயைத் துடைத்துக்கொள்வாள். தன் கையால் தண்ணீர் கொடுத்தவள் சட்டென்று விரட்டமாட்டாள் என்பது அவள் நம்பிக்கை. அதன் பிறகே வளையல்களுக்குள் செருகியிருக்கும் பென்சிலை உருவுவாள்.

மதுரையில் உள்ள ஒரு கல்லூரிக்காரர்கள் இந்த மலையூர்களில் சமூக ஆய்வு நடத்துகிறார்கள். ஒரு வீட்டில் எத்தனை பேர், ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் யார் யார், பிறந்த பிள்ளை எத்தனை, தங்கியது எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஆண்கள் போய்க் கேட்டால் பெண்கள் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார்கள். அதனால்தான் எட்டாவது வரை படித்த ஆசியாவுக்கு இந்த வேலை கிடைத்தது. "பொம்பளைங்ககிட்டப் பேசுற சோலிதானே, போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தார் அவள் கணவர் கிபாயத்துல்லா. கொடைக்கானல் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

மலையூர்ப் பெண்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கணக்கம்மா.

"ஏடி, கணக்கம்மா வருது. கோழியைக் கூடையப் போட்டு மூடு. அதுக்கும் வரி போட்டுறப் போறாக."

"கோழி வேணாம் ஆத்தா. அடிச்சுக் கொழம்பு வைக்கிற அன்னிக்குச் சொல்லி விடுங்க, வெரசா வந்துர்றேன்" என்பாள் ஆசியா. சிரிப்பு அடங்குவதற்குள் நாலைந்து கேள்விகள் முடிந்திருக்கும்.

ஏழாவது கேள்வியில்தான் பென்சில் நிற்கும். பிறந்து இறந்த பிள்ளைகள் எத்தனை? எந்தத் தாய் அதற்கு நேராகப் பதில் சொல்வாள்? உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள். ஆகவே ஆசியா அதைக் கேட்பதே இல்லை. தன் கதையைச் சொல்வாள்.

"நான் மூணு பெத்தேன் ஆத்தா. ரெண்டு நிக்குது. மூத்தது போயிருச்சு. சர்புன்னிசான்னு பேரு. மழைக்குள்ள காய்ச்சல் கண்டுருச்சு. பஸ்ஸும் இல்ல. தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். செண்பகனூர் வளைவுல, 'அம்மா, எறக்கி விடு, நான் நடக்குறேன்'னுச்சு. அதான் கடைசிப் பேச்சு."

எதிரே இருப்பவளின் கண் நிறையும். "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு தாயி..." என்று அவளும் ஆரம்பிப்பாள். இரண்டு தாய்மார்களும் அழுது ஓய்ந்த பிறகு பென்சில் நகரும்.

அந்தப் பெயரை ஆசியா தன் வீட்டில் சொல்ல முடியாது. கிபாயத்துல்லா கல்நெஞ்சக்காரர் அல்ல. "அந்தப் பேரு காதுல விழுந்தா என்னால கடையில உக்கார முடியல, ஆசியா. இனிமே எடுக்காதே" என்று ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அன்றோடு அந்த வீட்டில் அந்தப் பெயர் அடங்கிவிட்டது. பத்து மாதம் சுமந்தவள், பெற்ற மகளின் பெயரைச் சொல்லிப் பார்க்க, முன்பின் அறியாதவர்களின் வாசலைத் தேடி மலை ஏறினாள்.

அதற்கும் முடிவு வந்தது. எழுதி வந்த வீடுகளில் சிலவற்றுக்கு மேற்பார்வையாளர் குமாரவேல் மறுபடியும் போய், சரிதானா என்று விசாரிப்பது வழக்கம். பேத்துப்பாறையில் சின்னத்தாயி என்பவள் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்ததாகச் சொல்லியிருந்தாள். குமாரவேல் அதைப் படித்துக் காட்டியதும் அவள் மாமியார் பாய்ந்தாள்.

"எந்தப் பிள்ளைடி செத்துச்சு? கல்லுக் கணக்கா நிக்கிற எம் பேரன்களை எதுக்குடி சாகடிக்கிற?"

சின்னத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தம்மா மட்டும் தனியா அழுதுச்சு. பாக்கப் பொறுக்கல. எனக்கும் ஒண்ணு போச்சுன்னு சொல்லி வச்சேன்."

குமாரவேல் நல்ல மனிதர். ஆசியாவிடம் குரலை உயர்த்தவில்லை. "எந்த ஊர்ல பிள்ளைங்க அதிகமாச் சாகுதுன்னு தெரிஞ்சாத்தானேம்மா அங்க டாக்டரை அனுப்பச் சொல்லிக் கேக்க முடியும்? உங்களுக்காக இரக்கப்பட்டு இவங்க பொய் சொன்னா, நிஜமாவே செத்த பிள்ளைங்க கணக்கும் கெட்டுப் போகும். உங்க கதையைச் சொல்லாதீங்க. கேள்வியை மட்டும் கேளுங்க" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். "சரிங்க சார். இனிமே அவளைப் பத்திப் பேசல" என்றாள்.

மறுநாள் மன்னவனூரில் சோலையம்மாள் வீடு. பூண்டு உரித்துக்கொண்டிருந்த கிழவியின் எதிரே ஆசியா உட்கார்ந்தாள். பக்கத்தில் குமாரவேல் இருந்தார். ஏழாவது கேள்வியைத் தாளில் இருந்தபடியே வாசித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று கிழவி வெடுக்கென்று சொன்னாள். ஆசியா எழுதிக்கொண்டாள். எல்லாம் முடிந்து எழுந்தபோது கிழவி கேட்டாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டியே, உனக்கு எத்தனை பிள்ளை தாயி?"

குமாரவேல் நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுல ரெண்டு இருக்குது ஆத்தா."

"வெறுங்கையோட போகாதே. முந்தானையைப் பிடி." கிழவி கூடையிலிருந்து பேரிக்காய் எடுத்தாள். பிள்ளைக்கு ஒன்றாக இரண்டு பழங்களைப் போட்டுவிட்டுக் கூடையை நகர்த்தினாள்.

ஆசியா விரித்த முந்தானையை மடக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிழவி அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு கூடையை மறுபடி இழுத்து, அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவி, இருந்ததிலேயே சின்னதாக ஒரு பழத்தை எடுத்து, அந்த இரண்டோடு வைத்தாள்.