இடது டிரம்முக்குள் ஒரு கம்பளி

பழனியாண்டிக்கு வலது கால் சொன்னபடி கேட்டது. இடது கால் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தியது.

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். 1963இல், மனைவி வேலாயி இறந்த ஆறாம் மாதம், ஹட்டனில் பேண்ட் வைத்திருந்த நஸார் அவரிடம் சொன்னான்: "கொழும்புல ஒருத்தன் ரெண்டு காலாலயும் ரெண்டு பெரிய டிரம் அடிக்கிறான் அண்ணே. பழகிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாம் எங்களோடதான்."

ஞாயிறுதான் லயத்து வரிசைவீட்டின் ஒற்றை அறைக் காம்பிராவில் அவருக்குக் கழியாத நாள்.

ஒரு டிரம் துரைமார் கிளப்பில் கழித்துப் போட்டது. மற்றதைப் பீப்பாயில் செய்தார். இடது பிந்தியபோது மிதியின் ஸ்பிரிங்கை மாற்றினார். டிரம்களை இடம் மாற்றினார். பிழை காலில்தான்.

மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிறு விடிகாலை இரண்டு காலும் சேர்ந்து ஓடின. நிறுத்த மனம் வரவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாகப் பெண்கள். கொழுந்து மிஞ்சிய காலத்தில் ஞாயிறு வேலைக்கும் பெரட்டுத் தப்பு அடித்துத்தான் கூப்பிடுவார்கள். அதுவென்று நினைத்து வந்துவிட்டார்கள்.

"பெரட்டுத் தப்பு இப்ப ஒங்க காலுலயா இருக்கு, அண்ணே?" என்றாள் பக்கத்துக் காம்பிரா ராசம்மா. "புள்ளைக்குப் பால்கூட குடுக்காம ஓடியாந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் வந்து நின்ற, அவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "லயத்துல இன்னொருக்கா இந்தச் சத்தம் கேட்டுச்சு, ரெண்டும் அடுப்புக்குத்தான்."

அன்றே டிரம்களுக்குள் கம்பளி திணித்தார். வீட்டில் இருந்தது இரண்டே கம்பளி. வலதில் தன்னுடையது, இடதில் வேலாயியுடையது. இரவில் சாக்கைப் போர்த்திக்கொண்டார். சத்தம் காதுக்கு வரவில்லை, பாதத்துக்கு வந்தது.

அடுத்த மாதம் டிரம்களை பஸ் கூரையில் ஏற்றி ஹட்டனுக்குப் போனார். நஸாருக்கு வாசித்துக் காட்டினார். இம்மி பிசகவில்லை.

"கால் சரி. சத்தம் எங்க அண்ணே? உள்ள என்ன?"

"கம்பளி."

"எடுத்துருங்க. கல்யாண வீட்டுல கேக்கணுமே."

வலதில் இருந்ததை எடுத்தார். இடதின் திருகாணிகளைத் தளர்த்தினார். தோல் விலகியதும் அடுப்புப் புகையும் மஞ்சளும் கலந்த வேலாயியின் வாசம் வந்தது. பத்து மாதமாகியும் போகவில்லை. திருகாணிகளை மறுபடி இறுக்கினார்.

"இது இப்படித்தான் இருக்கும், தம்பி."

"ஒரு பக்கம் ஊமையா இருந்தா எப்படிண்ணே வாசிக்கிறது?"

நஸார் வேறு ஆள் பார்த்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இடது டிரம்மை மட்டும் கூரையிலிருந்து இறக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். கண்டக்டர் வாய் திறப்பதற்குள் இரண்டு டிக்கெட் கேட்டார்.